க்விஸ்: ஓர் ஆங்கிலச் சொல்லின் பொருள்களும் சொல்விளையாட்டுகளில் அதன் மதிப்பும் – முழுமையான வழிகாட்டி

எழுத்தும் அதன் புள்ளியும் பொறித்த டைல்களைப் பலகையில் அடுக்கிச் சொற்களை உருவாக்கும் ஸ்க்ராபிள் விளையாட்டில் நான்கு எழுத்துச் சொற்களை எல்லாம் வரிசைப்படுத்தினால் அடிப்படை மதிப்பில் முதலிடம் பெறுவது 'க்விஸ்' என்னும் எளிய சொல்தான். பள்ளிக் குழந்தைக்கும் பொருள் தெரிந்த சொல் அது. அதன் எழுத்துகளைக் கூட்டினால் 22 புள்ளிகள் வருகின்றன. ஆனால் பலகையில் அது பெற்றுத்தரும் புள்ளிகள் 22 முதல் 96 வரையும் அதற்கு மேலும் மாறக்கூடியவை. சில வேளைகளில் அச்சொல் கையில் முழுமையாக இருக்கும்போதே அதை ஆடாமல் விடுவதுதான் நல்ல ஆட்டமாகவும் இருக்கும். எழுத்துக்கூட்டலில் தொடங்கி, பொருள் வரலாறு, பலகையில் இடம் தேர்தல், ஆடாமல் விடவேண்டிய தருணம் என்று ஒவ்வொரு படியாக இவ்வழிகாட்டி செல்கிறது.

முதற்படி: எழுத்துக்கூட்டலையும் விகுதி ஏற்கும் முறையையும் அறிதல்

இச்சொல் க்யூ, யூ, ஐ, இசட் என்ற நான்கு எழுத்துகளால் ஆனது. பெயர்ச்சொல்லாகவும் வினைச்சொல்லாகவும் வரும். பன்மை விகுதியோ காலம் காட்டும் விகுதியோ சேரும்போது இறுதியில் உள்ள இசட் இரட்டிக்கிறது என்பதே இங்கு நினைவில் நிறுத்தவேண்டிய விதி. ஒற்றை உயிரெழுத்தை அடுத்து ஒற்றை மெய்யெழுத்தில் முடியும் ஓரசைச் சொற்கள் பல, விகுதி ஏற்கும்போது அம்மெய்யை இரட்டிப்பது ஆங்கில வழக்கம். இச்சொல்லில் யூ, ஐ என இரண்டு உயிர்கள் அடுத்தடுத்து நிற்பதுபோல் கண்ணுக்குத் தோன்றினாலும், க்யூவை அடுத்து வரும் யூ உயிராக ஒலிக்காமல் வகரத்தைப் போலவே ஒலிப்பதால், விதிக்கு வேண்டிய ஒற்றை உயிராக ஐ மட்டுமே நிற்கிறது. விட்டு விலகு என்னும் பொருள்படும் 'க்விட்' என்ற சொல்லில் டி இரட்டிப்பதும் இதே காரணத்தால்தான்.

ஆகவே பன்மை வடிவம் ஏழு எழுத்துகள் கொண்டது: மூலச்சொல்லோடு இன்னோர் இசட், ஓர் ஈ, ஓர் எஸ். வெறும் எஸ்ஸை மட்டும் பின்னால் ஒட்டிய வடிவம் எந்த அகராதியிலும் இல்லை. புதிதாக ஆடுவோர் அதைப் பலகையில் வைத்துவிட்டு, எதிராளி சவால் விட்டதும் டைல்களைத் திரும்ப எடுத்துக்கொள்வது அடிக்கடி காணக்கூடிய காட்சி.

இரண்டாம் படி: பொருள்களை வரலாற்றோடு தெரிந்துகொள்ளுதல்

இன்று முதலில் நினைவுக்கு வரும் பொருள் பொது அறிவுப் போட்டி, அதாவது நாம் வினாடி வினா என்று வழங்குவது. அமெரிக்கப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் ஆசிரியர் வகுப்பிலேயே நடத்தும் சிறுதேர்வுக்கும் இதுவே பெயர். வினைச்சொல்லாக வரும்போது துருவித்துருவிக் கேள்வி கேட்பது என்று பொருள். இந்திய ஆங்கில நாளிதழ்களின் தலைப்புகளில் காவல்துறை ஒருவரை விசாரித்தது என்பதைச் சொல்ல இவ்வினைச்சொல் வருவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். தலைப்பில் இடம் குறைவு, சொல்லில் நான்கே எழுத்து, செய்தி ஆசிரியருக்கு வேறென்ன வேண்டும்?

இப்பொருள்கள் எல்லாம் பிற்காலத்தவை. இச்சொல் ஆங்கிலத்தில் முதன்முதலாகத் தென்படும் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில், அது குறித்தது ஒரு மனிதரை: நடையுடை பாவனையில் விசித்திரமானவர், பார்ப்பவருக்குச் சிரிப்பை வரவழைப்பவர். ஃபேனி பர்னி என்னும் ஆங்கில எழுத்தாளர் 1782-இல் எழுதிய நாட்குறிப்பில் இப்பொருளிலேயே இச்சொல்லை ஆண்டிருக்கிறார். விசித்திரமான ஆளிலிருந்து அவரைக் கேலி செய்வது என்ற வினைப்பொருள் கிளைத்தது. கேலியாக ஒருவரை ஏற இறங்கப் பார்ப்பது என்ற பொருளும் உடன் வந்தது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் மேட்டுக்குடியினர் கைப்பிடி பொருத்திய ஒற்றைக் கண்ணாடி வழியாக மற்றவர்களை நோட்டம் விடுவார்கள். அக்கண்ணாடியின் பெயரிலேயே இவ்வினைச்சொல் இருந்தது. புருவத்தை உயர்த்தி, வியப்பும் கேலியும் கலந்து பார்க்கும் பார்வையைச் சொல்ல இன்றும் வழங்கும் 'க்விஸிகல்' என்ற பெயரடை அப்பழைய பொருளின் எச்சம். 1790-களில் நூலில் கட்டி ஏற்றி இறக்கும் யோயோ போன்ற ஒரு விளையாட்டுப் பொருளுக்கும் சிறிது காலம் இப்பெயர் வழங்கியது.

கேள்வி கேட்டுச் சோதிப்பது என்ற பொருள் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அமெரிக்கக் கல்விக்கூடங்களில் வேரூன்றியது. பிறகு 1930-களிலும் 1940-களிலும் அமெரிக்க வானொலி நிகழ்ச்சிகளும் 1950-களில் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளும் அதை உலகெங்கும் கொண்டு சென்றன. கேலிப் பொருளிலிருந்து கேள்விப் பொருளுக்கு இச்சொல் எப்படித் தாவியது என்பதற்கு, விசாரணையையும் விசாரிக்கும் ஆர்வத்தையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் நடுவில் இதே ஒலி அமைந்திருப்பதால் அவற்றின் சாயல் இதன்மேல் படிந்திருக்கலாம் என்பது ஒரு கருத்து.

இச்சொல்லின் பிறப்பைப் பற்றி ஒரு கதை உண்டு. டப்ளின் நகரில் நாடக அரங்கு நடத்திவந்த டேலி என்பவர், பொருளே இல்லாத ஒரு சொல்லை ஓரிரு நாளில் ஊர் முழுவதும் பேசவைக்கிறேன் என்று 1791-இல் பந்தயம் கட்டினாராம். ஆட்களை அனுப்பி இந்த நான்கு எழுத்துகளைச் சுவர்தோறும் சுண்ணக்கட்டியால் எழுதவைத்தாராம். விடிந்ததும் இது என்ன என்று ஊரே கேட்க, சொல் பிறந்துவிட்டதாம். கேட்கச் சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் இக்கதை அச்சில் வந்தது சம்பவம் நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்குப் பல ஆண்டுகள் கழித்து. பர்னியின் நாட்குறிப்போ பந்தயத்துக்கு 9 ஆண்டுகள் முந்தியது. கதையை நம்பவேண்டியதில்லை.

மூன்றாம் படி: எந்தச் சொற்பட்டியலின்படி ஆடுகிறோம் என்று முடிவு செய்தல்

ஆட்டம் தொடங்குமுன் இதைப் பேசி வைத்துக்கொள்வது பிற்பாடு எழும் சச்சரவைத் தவிர்க்கும். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், இங்கிலாந்து உள்ளிட்ட நாடுகளின் போட்டிகளில் காலின்ஸ் சொற்பட்டியல் பின்பற்றப்படுகிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் வேறொரு பட்டியல் உள்ளது. நம் சொல் இரண்டிலும் உண்டு. வேறுபாடு எங்கே என்றால், முன்னால் ஓர் எஸ் சேர்த்து 'ஸ்க்விஸ்' என்று ஐந்தெழுத்துச் சொல்லாக்குவதைக் காலின்ஸ் ஏற்கிறது, அமெரிக்கப் பட்டியல் ஏற்பதில்லை. ஆஸ்திரேலியா, நியூசிலாந்துப் பேச்சுவழக்கில் அதற்கு 'ஒரு பார்வை' என்று பொருள். இந்த ஒற்றை வேறுபாடு ஆட்ட உத்தியையே மாற்றிவிடும் என்பதைக் கீழே காணலாம்.

நான்காம் படி: அடிப்படை மதிப்பைக் கணக்கிடுதல்

ஸ்க்ராபிளை உருவாக்கிய ஆல்ஃபிரெட் பட்ஸ், 1930-களின் பொருளாதார வீழ்ச்சியில் வேலை இழந்த ஒரு கட்டடக் கலைஞர். செய்தித்தாள் பக்கங்களில் ஒவ்வோர் எழுத்தும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்து, அடிக்கடி வருவதற்குக் குறைந்த புள்ளியும் அரிதாக வருவதற்கு அதிகப் புள்ளியும் அவர் வைத்தார். 100 டைல்களில் க்யூ ஒன்றே ஒன்று, இசட் ஒன்றே ஒன்று. இரண்டுக்கும் தலா 10 புள்ளிகள். யூ நான்கும் ஐ ஒன்பதும் உள்ளன. அவற்றுக்குத் தலா 1 புள்ளி. கூட்டினால் 22.

வெற்று டைல்கள் இரண்டு உண்டு. அவை எந்த எழுத்துக்கும் பதிலாக நிற்கும், ஆனால் புள்ளி தரா. வெற்று டைலை யூவாகவோ ஐயாகவோ வைத்தால் இழப்பது 1 புள்ளிதான். க்யூவாகவோ இசட்டாகவோ வைத்தால் சொல்லின் மதிப்பு 12-ஆகச் சரியும். பன்மை வடிவத்துக்கு இரண்டு இசட் வேண்டும், பையில் இருப்பதோ ஒன்று. எனவே வெற்று டைல் இல்லாமல் அச்சொல்லை எவரும் எக்காலத்திலும் ஆட முடியாது. அப்படி ஆடினால் அதன் அடிப்படை மதிப்பு 24, கையிலுள்ள ஏழு டைல்களையும் ஒரே முறையில் வைத்தால் அதற்குரிய 50 புள்ளிகள் தனி.

ஐந்தாம் படி: பலகையில் இடம் தேர்தல்

ஆட்டத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பலகை குறுக்கே 15, நெடுக்கே 15 என 225 கட்டங்கள் கொண்டது. வரிசைகளையும் நிரல்களையும் 1 முதல் 15 வரை எண்ணிட்டுக்கொள்வோம்.

முதல் ஆட்டமாக இச்சொல்லை வைத்தால், நடுக்கட்டம் சொல்லின் மதிப்பை இரட்டிப்பதால் 44 புள்ளிகள் கிடைக்கும். நடுக்கட்டத்தைத் தொடும் நான்கெழுத்துச் சொல் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் எழுத்தை இரட்டிக்கும் டபுள் லெட்டர் கட்டத்தை எட்டாது. எனவே எங்கு வைத்தாலும் அதே 44-தான். ஆனால் கையில் ஓர் எஸ்ஸும் இருந்து காலின்ஸ் பட்டியல்படி ஆடுவதானால் கதை வேறு. எஸ்ஸை நடுக்கட்டத்தில் வைத்து வலப்பக்கமாக 'ஸ்க்விஸ்' என்று எழுதினால், இறுதி இசட் 12-ஆம் நிரலில் உள்ள டபுள் லெட்டர் கட்டத்தில் அமர்ந்து 20 ஆகிறது. மொத்தம் 33, அது இரட்டித்து 66. ஓர் எஸ்ஸைச் செலவிட்டு 22 புள்ளிகள் கூடுதலாகப் பெறுவது என் கணக்கில் நல்ல வியாபாரமே.

அடுத்து ஓரங்களைக் கவனிக்க வேண்டும். 1, 8, 15-ஆம் வரிசைகளின் இரு முனைகளிலும் சொல்லை மும்மடங்காக்கும் டிரிபிள் வேர்ட் கட்டம் இருக்கிறது. முனையிலிருந்து எண்ணினால் நான்காவதாக வருவது டபுள் லெட்டர் கட்டம். நம் சொல்லோ நான்கெழுத்து. பத்துப் புள்ளி எழுத்துகள் இரண்டும் அதன் இரு முனைகளிலேயே நிற்கின்றன. முதல் வரிசையில் 1 முதல் 4 வரையுள்ள கட்டங்களில் வைத்தால் க்யூ டிரிபிள் வேர்டிலும் இசட் டபுள் லெட்டரிலும் விழுகின்றன: 10, 1, 1, 20 ஆகிய 32, மும்மடங்கில் 96. வலக்கோடியில் 12 முதல் 15 வரை வைத்தால் க்யூ இரட்டித்து அதே 96. நெடுக்கு நிரல்களையும் சேர்த்தால் பலகையில் இப்படி 12 இடங்கள் உள்ளன. 4, 12-ஆம் வரிசைகளின் முனைகளிலும் அதே எண்ணுள்ள நிரல்களின் முனைகளிலும் டபுள் லெட்டரும், சொல்லை இரட்டிக்கும் டபுள் வேர்டும் இதே இடைவெளியில் அமைந்திருப்பதால், அங்கே 8 இடங்களில் 64 புள்ளிகள் கிடைக்கும். எழுத்தை மும்மடங்காக்கும் டிரிபிள் லெட்டர் கட்டத்தில் க்யூவோ இசட்டோ விழுந்தால் 42.

இடம் தெரிந்தால் மட்டும் போதாது. ஏற்கெனவே பலகையில் உள்ள சொல்லோடு இணைய வேண்டும். இதற்கு எளிய வழி, ஐ அல்லது யூ ஏற்கெனவே ஓரத்தில் வந்து நிற்கும் இடத்தைத் தேடுவது. கடைசி வரிசையில் முடியும் நெடுக்குச் சொற்களில் 'டாக்ஸி' ஐயில் முடிகிறது, 'மெனு' யூவில் முடிகிறது. 'டாக்ஸி' மூன்றாம் நிரலில் இறங்கி 15-ஆம் வரிசையில் முடிந்திருந்தால், கையில் க்யூ, யூ, இசட் மூன்றும் இருப்பவருக்கு 96 புள்ளிகள் காத்திருக்கின்றன. இரண்டாம் நிரலில் 'மெனு' முடிந்திருந்தால் க்யூ, ஐ, இசட் போதும். பெரிய எழுத்துகளைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே போடுவது என்று திகைப்பவர் முதலில் பார்க்கவேண்டியது தன் டைல்களை அல்ல, பலகையின் நான்கு ஓரங்களை.

ஆறாம் படி: ஆடியபின் எதிராளிக்கு என்ன திறக்கிறது என்று பார்த்தல்

பெரும்பாலான சொற்களின் பின்னால் எஸ்ஸைச் சேர்த்து எதிராளி நம் புள்ளிகளை அப்படியே அள்ளிக்கொண்டு போய்விடுவார். இச்சொல்லில் அது நடவாது. பின்னால் ஒற்றை எழுத்து எதையும் ஒட்ட முடியாது. வெற்று டைலை இரண்டாம் இசட்டாக்கினால்தான் பின்பக்கம் நீளும், வெற்று டைலை அதற்குச் செலவிட யாருக்கும் மனம் வராது. அமெரிக்கப் பட்டியலில் முன்பக்கமும் அடைபட்டிருப்பதால், முன்னணியில் இருப்பவர் பலகையைப் பூட்டுவதற்கு இது அருமையான சொல்.

காலின்ஸ் பட்டியலில் முன்பக்கக் கதவு திறந்தே இருக்கிறது. முதல் வரிசையில் 2 முதல் 5 வரையுள்ள கட்டங்களில் இச்சொல்லை வைத்தால் நமக்குக் கிடைப்பது 23 புள்ளிகள். எதிராளி மூலையில் ஓர் எஸ்ஸை வைத்து 'ஸ்க்விஸ்' ஆக்கினால் அவருக்கு 69. அதே எஸ்ஸில் தொடங்கி அவர் கீழ்நோக்கி எழுதும் சொல்லும் மும்மடங்காகும். இரட்டைத் தண்டனை இது. ஆகவே க்யூவுக்கு இடப்பக்கமோ மேற்பக்கமோ பெருக்கும் கட்டம் காலியாக இருந்தால், எஸ் நான்கும் இறங்கிவிட்டனவா, வெற்று டைல் பையில் மீதம் உண்டா என்று எண்ணிப் பார்த்த பின்பே வைக்க வேண்டும்.

ஏழாம் படி: ஆடாமல் விடவேண்டிய தருணத்தை அறிதல்

இரண்டு பத்துப் புள்ளி டைல்களை ஒரே முறையில் செலவிடுகிறோம் என்பதை மறக்கக்கூடாது. க்யூவும் ஐயும் மட்டுமே சேர்ந்த இரண்டெழுத்துச் சொல் ஒன்று உண்டு. சீன மரபில் உயிராற்றலைக் குறிக்கும் அச்சொல் இரு பட்டியல்களிலும் செல்லும். டிரிபிள் லெட்டர் கட்டத்தில் க்யூவை வைத்து, அதன் வலப்பக்கமும் கீழ்ப்பக்கமும் ஐ அமையுமாறு செய்தால், இரு திசைகளிலும் 31 வீதம் 62 புள்ளிகள். பீட்சாவின் சுருக்கமாக இசட், ஏ இரண்டும் சேர்ந்த சொல்லும் அவ்வாறே 62 தரவல்லது. இரண்டு முறைகளில் 124 பெறும் வாய்ப்பு பலகையில் கண்ணுக்குத் தெரியும்போது, நான்கெழுத்தையும் ஒன்றாக வைத்து 32 வாங்குவது வீண். முதல் ஆட்டத்தில் கிடைக்கும் 44-ஐ ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்வது என் வழக்கம்: அதற்கு மேல் கிடைத்தால் தயங்காமல் ஆடலாம், குறைந்தால் பிரித்து ஆட வழி உண்டா என்று ஒருமுறை பார்க்க வேண்டும். வெற்று டைலையும் சேர்த்துச் செலவிடுவதானால் 60-க்குக் குறைந்து ஆடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

இதைவிடப் பெரிய தவறு, க்யூ மட்டும் கையில் இருக்கும்போது இசட் வரும் என்று காத்திருப்பது. தொடக்கத்தில் எடுக்கும் ஏழு டைல்களில் இவ்விரண்டும் சேர்ந்து வருவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 236-இல் ஒன்று. காத்திருக்கும் ஒவ்வொரு முறையும் ஆறு டைல்களோடு ஆடுகிறோம். ஆட்டம் முடியும்போது க்யூ கையில் தங்கினால் நம் கணக்கில் 10 குறைந்து, முதலில் டைல்களைத் தீர்த்தவர் கணக்கில் 10 கூடுகிறது. ஆக 20 புள்ளி வித்தியாசம். யூ நான்கும் போய்விட்டாலும் க்யூவுக்கு வழி உண்டு: 'ஃபகீர்', 'நிகாப்' ஆகியவை யூ இல்லாமல் க்யூவோடு எழுதப்படுபவை, ஏழு எழுத்துக் 'கவ்வாலி'யும் காலின்ஸ் பட்டியலில் உண்டு. நமக்குக் காதில் பழகிய சொற்களே பலகையில் கைகொடுக்கும்.

எட்டாம் படி: பிற விளையாட்டுகளில் இதே சொல்

வேர்ட்ஸ் வித் ஃபிரெண்ட்ஸ் என்ற செயலியில் யூவுக்கு 2 புள்ளிகள் என்பதால் அடிப்படை மதிப்பு 23. எழுத்துக் கனசதுரங்களைக் குலுக்கிச் சொல் தேடும் பாகிளில் நிலைமை தலைகீழ்: அங்கே க்யூவும் யூவும் கனசதுரத்தின் ஒரே முகத்தில் சேர்ந்தே அச்சிடப்பட்டிருக்கும், எழுத்துகளின் அருமைக்கு மதிப்பில்லை, மூன்றெழுத்துக்கும் நான்கெழுத்துக்கும் 1 புள்ளிதான். அங்கு இதைத் தேடி நேரத்தைச் செலவிட வேண்டாம்.

மறைத்துவைத்த சொல்லை ஒவ்வோர் எழுத்தாகக் கேட்டுக் கண்டுபிடிக்கும் தூக்குமர விளையாட்டில் எதிராளிக்குக் கொடுக்க இது நல்ல சொல். பெரும்பாலானோர் முதலில் ஈ, ஏ, டி, ஓ என்று கேட்பார்கள், ஒன்றும் இருக்காது. நடுவில் யூவும் ஐயும் விழுந்த பிறகும் 'சூட்', 'ருயின்', 'க்விட்', 'க்விப்', தமிழில் 'க்விட்' என்றே எழுதப்பட்டாலும் ஆங்கிலத்தில் T-க்குப் பதில் D-யில் முடிந்து பிரிட்டிஷ் பவுண்டைக் குறிக்கும் பேச்சுவழக்குச் சொல் என்று எத்தனையோ சொற்கள் போட்டிக்கு நிற்கும். முதலெழுத்தைக் கண்டுபிடித்தாலும் கடைசி எழுத்துக்குத் தடுமாறுவார்கள்.

குறுக்கெழுத்தில், குறிப்பாக சென்னை வாசகர்கள் 'தி ஹிந்து' நாளிதழில் தினமும் காணும் புதிர்க் குறிப்புகள் கொண்ட வகையில், புள்ளிகள் கிடையா; பொருள்தான் எல்லாம். குறிப்பில் சோதனை, விசாரணை என்ற சொற்கள் இருந்தால் விடை எளிதில் புலப்படும். கேலி செய், விசித்திரமான ஆசாமி என்ற குறிப்போடு நான்கு கட்டங்கள் இருந்து, கடைசிக் கட்டத்தில் இசட் விழுந்திருந்தால் பர்னி காலத்துப் பொருளை நினைவுகூர வேண்டும். கட்டங்கள் ஏழாகி, குறிப்பும் பன்மையில் இருந்தால், நான்காவதிலும் ஐந்தாவதிலும் இசட்டை மெல்லிய பென்சிலால் குறித்துவிட்டு, குறுக்கே வெட்டும் சொற்கள் அதற்கு இடம் கொடுக்கின்றனவா என்று சரிபார்க்கலாம்.